அரைப் பங்கு

யார்க்டனில் அன்று மைனஸ் முப்பத்தொன்று.
அறுவடை இயந்திர உதிரிபாகக் கிடங்கின் பின்கதவில்
வாண்டா கோவல்சுக் சாவியோடு நின்றாள்,
கையுறையில் பாதி தின்ற டோனட்.
"இரண்டாவது மெஷின் வாங்க மாட்டாராம் முதலாளி.
இருப்பதற்குள்ளேயே வை என்கிறார். முடியுமா?"
முடியும் என்றேன்.
முடியும் என்று சொன்னதால்தான்
ரெஜைனா வரை விமானச் சீட்டு.

கறுப்புப் பெட்டி, என் இடுப்பு உயரம்.
பதினொரு வருடமாகச் சம்பளம் போடுகிறது,
பெல்ட், பேரிங், பிளேடு எண்ணுகிறது,
பச்சை எழுத்தில் மட்டும் பேசுகிறது.
"ஒரு தடவைகூட விழுந்ததில்லை"
என்றவள் உடனே மேசையின் மரத்தைத் தட்டினாள்.
மரம் அல்ல, ஃபார்மைக்கா.
இன்னொரு முறை கதவைத் தட்டினாள்.

இதற்குள் ஒரு லினக்ஸைக் குடிவைக்க வேண்டும்.
பாகப்பிரிவினை என்று நினைத்தால் தப்பு;
அதில் அவரவர் வாசல், அவரவர் கிணறு.
இது ஒண்டுக்குடித்தனம்.
வட்டு வீட்டுக்காரருடையது.
டிவிடி டிரைவும் கேட்டு வாங்குவதுதான்.
வெளியே போக வேண்டுமென்றால்
அவர் கூடத்தைத் தாண்டித்தான் போக வேண்டும்.
வருகிறவனுக்கென்று எழுதிக் கொடுப்பது
ப்ராசஸரில் அரைப் பங்கு,
நான்கு ஜிபி நினைவகம்,
எட்டெழுத்துக்கு மிகாத ஒரு பெயர்.

"பெரோகி" என்றாள் வாண்டா யோசிக்காமல்.
மாவுக்குள் ஒளிந்த உருளைக்கிழங்கு.
நான் எதிர்க்கவில்லை.

நாற்பது ஜிபிக்கு இடம் ஒதுக்கச் சொன்னேன்.
உண்மையில் அது வட்டே இல்லை,
வட்டு என்று பெரோகி நம்பப்போகும் ஒரு கோப்பு.
அதை இணைத்தேன். எழுப்பினேன்.
நிலை: ஆக்டிவ்.
கன்சோலில் எழுத்துகள் மளமளவென்று ஏறின,
கர்னல் கண்விழித்தது, சுற்றிப் பார்த்தது,
வட்டு எதுவும் காணோம் என்றது.

மணி பத்து. பத்தரை.
ஹீட்டர் குழாய் எங்கோ டொக் டொக் என்றது.
வாண்டா ஒன்றும் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் தேவலை.
பதினொன்றேகாலுக்குக் கண்டேன்:
வீட்டுக்காரர் நாலாம் எண் கதவைத் திறந்து வைத்திருக்கிறார்,
இவன் ஐந்தைத் தட்டிக்கொண்டிருக்கிறான்.
ஐந்து என்று எழுதியவள் நான்.

அணைத்து, திருத்தி, மறுபடி எழுப்பினேன்.
நாற்பது ஜிபி, இதோ என்றது.
பிறகு ஒரு பிங்.
போய் வந்தது, ஒரு மில்லிநொடிகூட ஆகவில்லை.
இரண்டு பேரும் ஒரே தகரத்துக்குள்,
நடுவில் கேபிள் ஒன்று கிடையாது,
ஆனாலும் உறை ஒட்டி, விலாசம் எழுதி
முறைப்படி ஒரு கடிதம்.
வசந்தத்தில் கனோரா பக்கத்து உழவர் ஒருவர்
டிராக்டரில் உட்கார்ந்தபடியே போனில் பெல்ட் கேட்டால்
பெரோகி வாங்கிக்கொண்டு
உள்ளே பச்சை எழுத்திடம் கொடுப்பான்.

பையை மூடும்போதுதான் கேட்டாள்:
"ஞாயிறு ராத்திரி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு
டேப்பில் சேமிப்பேனே, அப்போது இவன்?"

நான் எழுதிக் கொடுத்த பதினாறு பக்கத்தில்
அந்த ஒரு வரி இல்லை.
"காலடியில் தரை போய்விடும்" என்றேன்.
"எழுதிக்கொண்டிருந்தது பாதியில் நிற்கும்."
"பின்னே, முன்கூட்டியே சொல்லித்
தூங்கப் போகச் சொல்ல வேண்டாமா?"
என் பதிலுக்குக் காத்திருக்காமல்
ஒட்டு நாடாவில் கறுப்பு மார்க்கரால் எழுதி
பெட்டியின் நெற்றியில் ஒட்டினாள்:
ஞாயிறு. முதலில் பெரோகி.

வெளியே கிடங்குச் சுவரில் ஒரே ஒரு பிளக்.
அவள் டிரக்கும் என் வாடகைக் காரும்
ஒரே வயரில் கிளை பிரிந்து
எஞ்சினைச் சூடாக வைத்துக்கொண்டிருந்தன.
"கழற்றாமல் எடுத்துவிடாதே,
போன மாதம் ஒருத்தன் சுவரோடு பிடுங்கிப் போனான்"
என்றாள்.
மூக்கில் மூச்சு உறைந்தது.
எது என் வயர் என்று தெரியாமல்
இரண்டையும் கையில் பிடித்தபடி நின்றேன்.